கிரையப் பத்திரத்துல சர்வே நம்பர் மாறி இருக்கு, இத்தனை வருஷம் கழிச்சு திருத்தணுமா அப்படியே விட்டுடலாமா?

கடைமடை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். போஸ்ட் கொஞ்சம் பெருசு, பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. எங்களுக்கு டெல்டா பக்கம் கிராமம். அப்பா 1996ல பக்கத்து தெரு பெரியவர் ஒருத்தர்கிட்ட 2 மா நஞ்சை வாங்குனாரு. அந்த பெரியவருக்கு 118/2ஏ, 118/2பின்னு ரெண்டு துண்டு அடுத்தடுத்து இருந்துச்சு, அதுல வாய்க்கா ஓரத்து துண்டதான் அப்பாவுக்கு குடுத்தாரு. அன்னையிலேர்ந்து நாங்கதான் நடவு போடுறோம். இன்னொரு துண்டு ரோட்டு பக்கம், அத அவரு பையன் குத்தகைக்கு விட்டிருக்காரு. பெரியவர் 2011ல தவறிட்டாரு.

இப்ப விஷயம் என்னன்னா தம்பி பேருக்கு தானசெட்டில்மெண்ட் எழுதிடலாம்னு, அதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்து கல்லு பாத்துடுவோம்னு சர்வேயருக்கு பணம் கட்டினோம். அவரு வந்து புலப்படத்த (அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்) விரிச்சு வரப்பு மேல வச்சுகிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் வாயே தொறக்கல. அப்புறம் "பட்டா எந்த நம்பருக்குங்க வச்சிருக்கீங்க"ன்னாரு. 2பின்னோம். "நீங்க நிக்கிறது 2ஏ"ன்னாரு. அப்பாவுக்கு மொகமே செத்துப்போச்சு.

வீட்டுக்கு வந்து பத்திரத்த எடுத்து பாத்தா 118/2பின்னுதான் இருக்கு. பட்டாவும் அதே நம்பருக்கு எங்க பேருல. நாங்க உழுவுற 2ஏ பட்டால இன்னும் அந்த பெரியவர் பேரே கெடக்கு! இத்தன வருஷம் யாரும் பாக்கல, நானும்தான்.

இன்னும் ரெண்டு தப்பு கண்ணுல பட்டுச்சு. எல்லை எழுதுன எடத்துல "வாய்க்காலுக்கு தெற்கு"ன்னு போட்டிருக்கான், ஆனா வாய்க்கா எங்களுக்கு வடக்காலதான் ஓடுது. அப்புறம் பத்திரத்துல 66 செண்ட், பட்டால 0.26.50 ஹெக்டேர்னு, அதாவது 26.50 ஏர்ஸ்னு இருக்கு, கணக்கு போட்டா அரை செண்ட் ஒதைக்குது.

வீட்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. சித்தப்பா சொல்றாரு, 2பி ரோட்டு மேல இருக்குது, இப்ப அதுக்கும் நம்ம துண்டுக்கும் வெலைல ஏணி வச்சாலும் எட்டாது, பேப்பர்ல நமக்கு நல்லதுதான் நடந்திருக்கு, சும்மா கெடந்த சங்க ஊதி கெடுத்தானாம் ஆண்டின்னு நீ ஏன்டா போயி ஊதுறன்னு. அம்மா திருத்தியே ஆகணும்ங்குறாங்க. அப்பா "நான் வாங்குனது வாய்க்கா ஓரம்தான்"னு ஒரு வார்த்தை சொன்னதோட சரி. பெரியவருக்கு ஒரு பையன் திருப்பூர்ல, ஒரு பொண்ணு ஊர்லயே, இன்னொரு பொண்ணு சிங்கப்பூர்ல. பெரியவரோட சம்சாரம் அவருக்கு முன்னாடியே போய் சேந்துட்டாங்க. அந்த புள்ளைங்ககிட்ட பேச்சுவார்த்தை நல்லாதான் இருக்கு. என்ன பண்ணலாம் சொல்லுங்க.


சும்மா_வந்தவன்:

ப்ரோ 12 வருஷம் தாண்டிடுச்சுல்ல, அனுபவ பாத்தியம் வந்துடும், ஒன்னும் பண்ண வேணாம், நிம்மதியா தூங்குங்க. ரோட்டு எடம் போனஸ் 😄


பத்திரக்காரர்_60:

தம்பி, நான் பத்திரம் எழுதி முப்பத்தி சொச்சம் வருஷமாச்சு. முதல்ல ஒன்னு ரெண்ட கழிச்சு விட்டுடுவோம், நீங்க மூணு தப்புன்னு சொல்றதுல ரெண்டு தப்பே இல்ல.

எல்லைய நீங்க தப்பா படிக்கிறீங்க. பத்திர பாஷைல "வாய்க்காலுக்கு தெற்கு"ன்னா வாய்க்கால் தெற்கே இருக்குன்னு அர்த்தம் கெடையாது, நம்ம சொத்து வாய்க்காலுக்கு தெற்கே இருக்குன்னு அர்த்தம். அப்ப வாய்க்கா உங்களுக்கு வடக்க, நீங்க சொல்ற மாதிரியே சரியா இருக்கு. "இன்னார் நிலத்துக்கு மேற்கு"ன்னு போட்டிருந்தா இன்னார் உங்களுக்கு கெழக்க இருக்காருன்னு அர்த்தம். நாலு பக்கமும் எழுதிட்டு "இதன் மத்தியில்"னு முடிச்சிருப்பாங்க பாருங்க, அந்த நாலுக்கும் நடுவுல இருக்கறது உங்க நெலம். இப்ப வர்ற பசங்களுக்கு இது புரியறதே இல்ல, வடக்கு எல்லை தெற்கு எல்லைன்னு கட்டம் போட்டு எழுதி பழகிட்டாங்க.

அளவு: ஒரு மா 100 குழி, ஒரு குழி 144 சதுர அடி, ஆக 2 மா 28,800 சதுர அடி. செண்ட் 435.6 சதுர அடி. வகுத்து பாருங்க, 66 செண்ட் சொச்சம் வரும். 26.50 ஏர்ஸ 2.47ஆல பெருக்குனா 65 அரை. குழி செண்டாகி, செண்ட் ஏர்ஸாகும்போது இப்படி சில்லறை உதிரும், இதுக்கெல்லாம் யாரும் பத்திரம் திருத்த மாட்டாங்க. ரெண்டு துண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருந்திருக்கு, அதனாலதான் இத்தன வருஷம் யாருக்கும் ஒறைக்கல.

மிச்சம் நம்பர் ஒன்னுதான் தப்பு, ஆனா அது பெரிய தப்பு. உங்களுக்கு ஒரு நல்ல காலம், எல்லை சரியா இருக்கு. நம்பர் ஒன்னு சொல்லி எல்லை வேற சொன்னா, பொதுவா எல்லைய வச்சுதான் எது வித்த சொத்துன்னு பாப்பாங்க. அதே காரணத்தாலதான் உங்க சித்தப்பா நெனைக்கிற ரோட்டு எடமும் உங்களுது ஆகாது. உங்க பத்திரத்த நீட்டுனா "வாய்க்கா எங்கய்யா"ன்னுதான் முதல் கேள்வி வரும்.

செய்ய வேண்டியது பிழைத்திருத்தல் பத்திரம். எழுதிக் குடுத்தவரும் வாங்குனவரும் சேந்து போடணும், அவரு இல்லாததால வாரிசு மூணு பேரும் வரணும், தாசில்தார் ஆபீஸ் வாரிசு சான்றிதழ், இறப்பு சான்றிதழ் ரெண்டும் வேணும். அசல் பத்திரத்தோட ஆவண எண்ணும் வருஷமும் போட்டு, "இன்ன எடத்துல 118/2பி என்று பிழையாக எழுதப்பட்டதை 118/2ஏ என்று திருத்தி வாசிக்க வேண்டியது"ன்னு வரணும். பதிஞ்சப்புறம் வில்லங்கம் (அந்த சொத்துல என்னென்ன பத்திரம் பதிவாயிருக்குன்னு காட்டற சான்றிதழ்) போட்டா அதுவும் சேந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்துப்பிழை, இனிஷியல்னா சப்ரிஜிஸ்ட்ரார் ஒன்னும் சொல்ல மாட்டாரு. சர்வே நம்பரே மாறுதுன்னா, இது வேற சொத்து, புதுசா கிரையம் மாதிரி ஸ்டாம்ப் கட்டுன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. அதுன்னா முத்திரைத்தாள் 7, பதிவு கட்டணம் 2ன்னு வழிகாட்டி மதிப்புல (கவர்மெண்ட் வச்சிருக்கற நெல மதிப்பு) நூத்துக்கு 9 ரூபா. எல்லையும் அளவும் அப்படியே இருக்கு, உட்பிரிவு எழுத்து மட்டும் தப்புன்னு காட்டறதுக்கு தாய்ப்பத்திரம் (பெரியவருக்கு நெலம் வந்த பழைய பத்திரம்), புலப்படம், சர்வேயர் குறிப்பு எல்லாம் கையில வச்சுகிட்டு போங்க. யாராவது பரிவர்த்தனை பத்திரம் போட்டு மாத்திக்கலாமேன்னு ஐடியா குடுப்பாங்க, வேணாம். அதுல ஸ்டாம்பு கிரையம் மாதிரியேதான், அதுவும் ரெண்டுல எது மதிப்பு ஜாஸ்தியோ அதுக்கு. தவிர இத்தன நாளா 2பி எங்களுதுதான்னு நீங்களே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும்.

முக்கியமா தம்பி பேருக்கு செட்டில்மெண்ட்ட இப்ப எழுதாதீங்க. தப்பு நம்பரோட எழுதுனா அந்த தப்பு அடுத்த பத்திரத்துக்கும் ஏறிக்கும், அப்புறம் ரெண்டையும் திருத்தணும்.


கறுப்பு_கோட்டு:

மேல ஐயா சொன்னது சரி. நான் சும்மா_வந்தவன் சொன்னதுக்காக வந்தேன். அனுபவ பாத்தியம்னா 12 வருஷம் இருந்துட்டாலே தானா வந்து ஒட்டிக்கற விஷயம் இல்லைங்க. இது அடுத்தவன் சொத்து, ஆனாலும் நான் விட மாட்டேன்னு ஊரறிய, உரிமையாளருக்கு எதிரா இருந்திருக்கணும். இவரு அப்பா அப்படியா இருந்தாரு? காசு குடுத்து வாங்குனேன், என் நெலம்னு இருந்தாரு. "நான் வாங்குனேன்"னும் "நான் வளைச்சு வச்சிருந்தேன்"னும் ஒரே வாயால சொன்னா கோர்ட்ல ரெண்டும் நிக்காது.

வாரிசுங்க கையெழுத்து போட மாட்டேன்னா அதுக்கு வழி இருக்கு. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 1963, 26வது பிரிவு. ரெண்டு தரப்பும் ஒன்னு நெனைச்சு, எழுத்துல வேற விழுந்திருந்தா, பத்திரத்த திருத்தி தாங்கன்னு கேஸ் போடலாம். அதுல ஒரு வரி இருக்கு, அததான் நீங்க கவனிக்கணும்: இடையில ஒரு மூணாவது ஆளு நல்லெண்ணத்துல காசு குடுத்து அந்த சொத்துல உரிமை வாங்கியிருந்தா, அவரு உரிமைய பாதிக்காம எவ்வளவு திருத்த முடியுமோ அவ்வளவுதான் திருத்துவாங்க. இப்ப உங்க நெலைமைய யோசிங்க. 2ஏ பட்டா பெரியவர் பேருல, வில்லங்கம் போட்டா 2ஏல உங்க பேரே வராது. நாளைக்கு அந்த பையனுக்கு பணமுடை வந்து, இல்ல அவரு பசங்க காலத்துல, 2ஏய வெளியாளுக்கு கிரையம் பண்ணிட்டா? நீங்க நெலத்துல இருக்கீங்க, வாங்கறவன் வந்து விசாரிச்சிருக்கணும்னு வாதாடலாம்தான். ஆனா வாதாடற எடத்துக்கே போக வேணாம்ல.

இன்னொன்னு நாள் கணக்கு. இந்த மாதிரி கேஸுக்கு 3 வருஷம். பிழைன்னா அது தெரிய வந்த நாள்லேர்ந்து கணக்கு, கொஞ்சம் கவனமா இருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கலாமேன்னும் எதிர்தரப்பு கேப்பாங்க. நேத்து வரைக்கும் உங்களுக்கு தெரியாது, சரி. சர்வேயர் வரப்புல நின்னு சொன்ன அன்னையிலேர்ந்து தெரியாதுன்னு சொல்ல முடியாது. சித்தப்பா சொன்ன மாதிரி விட்டுட்டு 5 வருஷம் கழிச்சு போனீங்கன்னா, தெரிஞ்சே சும்மா இருந்தீங்களான்னு கேப்பாங்க, பதில் இருக்காது.


மேட்டுத்தெரு_அக்கா:

தம்பி நான் சட்டம் எல்லாம் படிச்சவ இல்ல, எங்களுக்கு நடந்தத மட்டும் சொல்றேன், படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு.

நாங்க 2004ல சென்னைக்கு வெளிய ஒரு மனை வாங்குனோம். மனை எண் 16. பத்திரத்துல 19ன்னு டைப் ஆயிடுச்சு. எல்லையெல்லாம் சரியா இருந்துச்சு. பதிவு முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சு கும்புடும்போதுதான் நான் பாத்தேன், அடுத்த நாளே போயி எழுதுனவர்கிட்ட கேட்டோம். "எல்லை சரியா இருக்குல்லம்மா, இது ஒரு விஷயமே இல்ல, பின்னாடி பாத்துக்கலாம்"னாரு. வித்தது நெலத்துக்காரர் இல்ல, அவரோட பவர் ஏஜெண்ட். அவரும் அதேதான் சொன்னாரு, எப்ப வேணா கூப்புடுங்க மேடம் வந்து கையெழுத்து போடறேன்னு. அன்னைக்கு ஒரே ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரருக்கு அப்ப டியூட்டி மாத்தல், பொண்ணு வயித்துல, அப்படியே தள்ளிப் போயிடுச்சு.

2019ல வீடு கட்ட லோன் போட்டோம். பேங்க் வக்கீல் லீகல் பாத்துட்டு திருப்பி அனுப்பிட்டாரு. சரி பவர் ஏஜெண்ட புடிப்போம்னு போனா, நெலத்துக்காரர் 2009லயே எறந்துட்டாரு, அவரு போனா பவரும் போச்சாம். அவருக்கு 4 புள்ளைங்க. அதுல ஒருத்தர் தவறி, அவரு மனைவி, ரெண்டு பசங்க, அதுல ஒன்னு மைனர். எண்ணிப்பாரு, ஒரு கையெழுத்து ஆறா ஆயிடுச்சு. மைனருக்கு கோர்ட் அனுமதி வாங்கணும்னாங்க. அஞ்சு பேரு சரின்னாங்க, ஒருத்தர் மட்டும் ரெண்டு லட்சம் குடுத்தா வர்றேன்னாரு.

இதுக்கு நடுவுல நெஜமான 19ம் நம்பர் மனைக்காரங்க ஒரு நாள் வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்துறாங்க. அவங்க வில்லங்கம் போட்டா எங்க பத்திரம் வருதாம், என் மனைய நீ எப்படி வாங்குனன்னு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. உக்கார வச்சு காபி குடுத்து எல்லா பேப்பரையும் பரப்பி காட்டுனப்புறம்தான் அந்தம்மா அடங்குனாங்க. கடைசில அவங்களும் எங்களோட சேந்துதான் கேஸ் போட்டாங்க. நாலு வருஷம் ஓடுச்சு. அந்த நாலு வருஷமும் வாடகை வீடுதான், 2019ல குடுத்த எஸ்டிமேட்டுக்கு இப்ப மொத தளம் கூட ஏறாது. ஒரு 6 தலைகீழா நின்னதுக்கு இவ்வளவும்.

பேச்சுவார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னியே, அதுதான்ப்பா சொத்து. அது இருக்கும்போதே போயிடு.


சங்கிலி_அளவு:

ரிட்டயர்டு சர்வேயர். ஒரு விஷயம் யாரும் கேக்கல. பிழை எங்க பொறந்துச்சுன்னு பாத்தீங்களா?

தமிழ்நாட்டுல 1979லேர்ந்து யூடிஆர்னு நெல ரெக்கார்ட எல்லாம் புதுப்பிக்கற வேலை நடந்துச்சு, எண்பதுகள்ல பல ஊர்ல முடிச்சாங்க. அப்பதான் நெறைய உட்பிரிவு போட்டது, அளவு எல்லாம் ஹெக்டேர் ஏர்ஸ் ஆனது, புது பட்டா குடுத்தது. அந்த வேகத்துல பக்கத்து பக்கத்து உட்பிரிவுக்கு பேர மாத்தி ஏத்தி விட்டது கணக்கில்லாம நடந்திருக்கு, நானே எத்தனையோ பாத்திருக்கேன். உங்க கேஸ் அதுவா இருந்தா பத்திரம் சரி, கவர்மெண்ட் ரெக்கார்டு தப்பு. அப்ப பிழைத்திருத்தல் பத்திரம் போட்டீங்கன்னா சரியா இருந்ததையும் தப்பாக்குன மாதிரி ஆயிடும். யூடிஆர் பிழைக்கு வேற வழி, மனு போடணும், தாசில்தாரோட முடியாது, கோட்டாட்சியர், டிஆர்ஓன்னு (மாவட்ட வருவாய் அலுவலர்) மேல போகும்.

அதனால முதல்ல மூணு பேப்பர எடுங்க. ஒன்னு அ பதிவேடு (எந்த சர்வே நம்பர் யாரு பேருல, எவ்வளவு அளவுன்னு இருக்கற கிராம கணக்கு) நகல், 2ஏ 2பி ரெண்டுக்கும். ரெண்டு, பெரியவருக்கு அந்த நெலம் எப்படி வந்துச்சோ அந்த பத்திரம். மூணு, உங்க 1996 பத்திரத்தோட நகல் சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லேர்ந்து, உங்க கையில இருக்கற ஒரிஜினல் இல்ல. அங்க புத்தகத்துல எப்படி ஏறியிருக்குன்னு பாக்கணும். சில கேஸ்ல ஒரிஜினல்ல ஒன்னு, புத்தகத்துல ஒன்னு இருக்கும்.

கல்லு இருக்கா? வாய்க்கா ஓரத்துல மூலைக்கல்லு புதைஞ்சு கெடக்கும், தேடிப்பாருங்க. அதையும் போட்டோ எடுத்து வைங்க.


சும்மா_வந்தவன்:

சாரி ப்ரோ, நான் யூட்யூப்ல பாத்தத சொல்லிட்டேன். எங்க வீட்டு பத்திரத்த இப்பதான் எடுத்து எல்லை படிச்சேன், நானும் இத்தன நாளா தலைகீழாதான் புரிஞ்சு வச்சிருந்தேன்.


கடைமடை_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், நடந்தத சொல்லிடறேன்.

சங்கிலி ஐயா சொன்ன மாதிரி மூணு பேப்பரும் எடுத்தோம். 1996 பத்திர நகல்லயும் 2பிதான், ஒரிஜினல் மாதிரியே. பெரியவரும் அவரு தம்பியும் 1991ல போட்ட பாகப்பிரிவினை பத்திரம் அவங்க வீட்டு டிரங்க் பெட்டில இருந்துச்சு. அதுல பெரியவர் பாகத்துல 1வது அயிட்டம் 118/2ஏ, வாய்க்காலுக்கு தெற்குன்னு ஆரம்பிச்சு நாலெல்லை. அதுக்கு நேர் கீழ 2வது அயிட்டம் 118/2பி, அதுல ரோடு வருது. அ பதிவேடும் அதோட ஒத்துப்போகுது. ஆக யூடிஆர்ல தப்பில்ல. எங்க பத்திரம் எழுதுனவரு எல்லைய 1வது அயிட்டத்துலேர்ந்து பாத்து எழுதிட்டு, நம்பர எடுக்கும்போது கண்ணு ஒரு வரி கீழ போயிருக்கு. அவ்வளவுதான் நடந்திருக்கு. கல்லு ரெண்டு கெடைச்சுது, ஒன்னு கருவ மரத்து வேருக்குள்ள மாட்டிகிட்டு.

அந்த வீட்டுக்கு போனத சொல்லணும். அப்பா என்னை பேச விடல. வெத்தல பாக்கு பழம் வாங்கிகிட்டு அவரே போனாரு. ஊர்ல இருக்க அக்கா உடனே "பெரியப்பா நீங்க எங்க சொல்றீங்களோ அங்க போடறோம்"னுட்டாங்க. திருப்பூர் அண்ணன்தான் போன்ல இழுத்தாரு, இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு கையெழுத்து, என்ன வில்லங்கம்னு. நான் போன வாங்கி, அண்ணே உங்க ரோட்டோர நெலம் இப்ப எங்க அப்பா பட்டால இருக்குண்ணேன்னு சொன்னேன். சத்தமே இல்ல. அப்புறம் "அப்ப எனக்கு பட்டாவே இல்லையாடா?"ன்னாரு. அவரு அந்த எடத்த வச்சு பேங்க்ல லோன் வாங்கி புதுசா தறி போடலாம்னு இருந்திருக்காரு. அடுத்த ஞாயித்துக்கிழமையே பஸ் ஏறி வந்துட்டாரு. இப்ப எங்கள விட அவருக்குதான் அவசரம், தெனம் ஒரு போன் வருது.

சித்தப்பா ஒரு வாரம் பேசல. இப்ப டிராஃப்ட் எடுத்துட்டு வர அவரதான் அனுப்புனோம், போயிட்டு வந்தாரு.

பத்திரக்காரர் ஐயா, ரெண்டு கேள்வி. சிங்கப்பூர் அக்கா பொங்கலுக்கு வர்றாங்க, அதுவரைக்கும் காத்திருக்கலாமா, இல்ல பவர் வாங்கிடலாமா? இன்னொன்னு, டிராஃப்ட் வந்துச்சு, அப்பா திண்ணைல உக்காந்து வெரல வச்சு ஒவ்வொரு வரியா படிச்சாரு. நம்பர் சரியா 2ஏன்னு வந்திருக்கு. ஆனா சொத்து விவரத்துல "வாய்க்காலுக்கு வடக்கு"ன்னு அடிச்சிருக்காங்க. ஆபீஸ்ல இருக்க பையன், வாய்க்கா வடக்கதான இருக்குன்னு அவனா சரி பண்ணிட்டானாம். மாத்தி அடிக்க சொல்லிட்டோம். வேற எதெல்லாம் பாக்கணும்?


பத்திரக்காரர்_60:

நல்ல வேளை அப்பா பாத்தாரு. அப்படியே பதிஞ்சிருந்தா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கவன் நெலத்த எழுதி வாங்குன மாதிரி ஆயிருக்கும்.

பொங்கலுக்கு வர்றாங்கன்னா நேர்லயே போட்டுடுங்க. பவர்னா அங்க இந்திய தூதரகத்துல போயி எழுதி, பேப்பர் இங்க வந்து 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஸ்டாம்ப் கட்டி, அந்த அலைச்சல் வேற. ஆனா அவங்க டிக்கெட் தேதிய கேட்டுட்டு டோக்கன் போடுங்க, பொங்கல் லீவு நாளா பாத்து போட்டுடாதீங்க.

டிராஃப்ட்ல பாக்க வேண்டியது: அசல் ஆவண எண், வருஷம். பெரியவர் பேரு அசல்ல எந்த எழுத்துல இருக்கோ அதே எழுத்துல, இனிஷியலோட. வாரிசு மூணு பேர் பேரும் ஆதார்ல இருக்கற மாதிரி. வாரிசு சான்றிதழ்ல பேரு வேற மாதிரி இருந்தா அத இப்பவே தாலுகா ஆபீஸ்ல சரி பண்ணிடுங்க, பதிவன்னைக்கு நின்னுகிட்டு முழிக்க வேணாம். சர்வே நம்பர எண்ணால மட்டும் எழுத விடாதீங்க, எழுத்தாலயும் எழுத சொல்லுங்க. பதிவு முடிஞ்ச கையோட ரெண்டு வீட்டு பட்டா மாறுதலுக்கும் மனு குடுத்துடுங்க. உங்க பேரு 2ஏக்கு வரணும், 2பிலேர்ந்து போகணும், ரெண்டும் நடந்துச்சான்னு ஆன்லைன்ல எடுத்து பாத்துட்டு அப்புறம் செட்டில்மெண்ட் எழுதுங்க.


கடைமடை_பையன்:

சரிங்க ஐயா. வாரிசு சான்றிதழ்ல சிங்கப்பூர் அக்கா பேருல ஒரு எழுத்து கொறையுது, இப்பதான் பாத்தேன். நாளைக்கு காலைல தாலுகா ஆபீஸ் போறேன்.